அட்ரீனல் காப்ஸ்யூல் வேண்டாம், முதலில் நாடியைப் பாருங்கள்

செம்பூர் சகோதரிக்கு,

உடம்பு முழுக்க வலி, தூங்கி எழுந்தாலும் அசதி, லோக்கல் ட்ரெயினில் நின்றால் தலைசுற்றல், ரிப்போர்ட் எல்லாம் நார்மல். 'அட்ரீனல் சோர்வு' காப்ஸ்யூல் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்காதீர்கள். அப்படியொரு நோயை ஹார்மோன் மருத்துவர்கள் ஏற்பதில்லை. நாள்பட்ட சோர்வுள்ள சிலருக்கு, அட்ரீனல் சுரப்பியில் சுரக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் லேசாகக் குறைவது உண்மைதான். ஆனால் சுரப்பி களைத்துவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. இத்தகைய காப்ஸ்யூல்கள் சிலவற்றில் சொல்லாமலே ஸ்டீராய்டும் தைராய்டு ஹார்மோனும் கலந்திருந்ததைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

உங்களைப் போல உடம்பு முழுக்க வலிக்கும் ஒரு நோய் ஃபைப்ரோமயால்ஜியா. அதில் மூளையும் தண்டுவடமும் வலியின் வால்யூமைக் கூட்டி வைத்துவிடுகின்றன. ஸ்கேனில் அது தெரியாது. "எல்லாம் மனசுதான்" என்பவர்களை விட்டுத்தள்ளுங்கள்.

எனக்கு உறுத்துவது அந்தத் தலைசுற்றல்தான். பக்கத்தில் ஆள் வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் படுத்திருந்து நாடியும் பிரஷரும் பாருங்கள். பிறகு எழுந்து அசையாமல் நின்று, 10 நிமிடம்வரை அவ்வப்போது பாருங்கள். பிரஷர் பெரிதாக இறங்காமல் துடிப்பு மட்டும் படுத்திருந்தபோது இருந்ததைவிட நிமிடத்துக்கு 30க்கு மேல் கூடி அப்படியே நின்றால் 'பாட்ஸ்' ஆக இருக்கலாம். இதயத்துடிப்பு, பிரஷர் போன்றவற்றை நாம் நினைக்காமலே கவனித்துக்கொள்ளும் தானியங்கி நரம்பு மண்டலத்தின் கோளாறு அது. மயக்கம் வந்தால் உடனே படுத்துவிடுங்கள். எழுதி வைத்த எண்களோடு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச்சத்து இருப்பு), வைட்டமின் பி12 பார்த்தாயிற்றா? வேலை செய்த மறுநாள் படுத்த படுக்கையாகிறீர்களா? அப்படியானால், யார் சொன்னாலும் ஜிம்முக்குப் போய் உடம்பை வருத்தாதீர்கள்.