இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் இளைஞர் கழகங்கள் கிரிக்கெட் போட்டி நடத்துவதைத் தவிர வேறு என்ன செய்கின்றன?

கிரிக்கெட்தான் வெளியே தெரிவது. கழகத்தின் உண்மையான பலம் மரண வீட்டில் தெரியும். லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஒருவர் இறந்தால் பந்தல் போடுவது, நாற்காலி கொண்டுவருவது, குழி வெட்டுவது எல்லாம் பெரும்பாலும் இந்தப் பையன்கள்தான். தேர்த் திருவிழா, காமன் கூத்து என்னும் நாட்டார் கூத்து, சாதாரண தரப் (பதினோராம் வகுப்பு) பரீட்சைக்கான மாலை வகுப்பு ஆகியவற்றிலும் அவர்களைப் பார்க்கலாம்.

இவ்வளவும் ஏன் இளைஞர்கள் தலையில் விழுந்தது? 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் பிரதேச சபைகள் என்னும் உள்ளூராட்சி மன்றங்கள் செலவிடுவதைத் தடுத்துவந்தது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. அதுவரை பாதை உடைந்தால் தோட்ட நிர்வாகத்தைக் கேட்க வேண்டும், இல்லையேல் சிரமதானம், அதாவது ஊரே கூடிக் கூலியின்றி உழைப்பது. சட்டம் மாறியும் மண்வெட்டி இன்னும் இவர்கள் கையில்தான் இருக்கிறது என்பது வேறு கதை.

கழகத்தைத் தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்தில் பதிவு செய்யலாம். பயிற்சிகளுக்கும் விளையாட்டு விழாக்களுக்கும் அது உதவும். ஆனால் பதிவால் மட்டும் கழகம் நிலைக்காது. உயர்தரம் முடித்த செயலாளர் கொழும்புக்கு வேலைக்குப் போனதும் கூட்டம் நின்றுவிடும். தேர்தல் வந்தால் தொழிற்சங்கங்கள் கழகத்தை இரண்டாகப் பிரித்துவிடும். பொறுப்புகளில் பெண்கள் குறைவு. ஊரில் தங்குபவர்களில் பலர் அவர்களாக இருந்தும் இந்த நிலை எனக்கு விளங்கவில்லை.