அப்பாவின் லென்ஸ், புதிய கேமரா

கேள்வி: திருமணங்களுக்குப் படமெடுக்கிறேன். அப்பா பயன்படுத்திய நிக்கான் 50 மி.மீ. எஃப்/1.8டி லென்சை, நான் வாங்கியுள்ள நிக்கான் இசட்6 கேமராவில் பயன்படுத்தலாமா? இவ்வளவு விலை கொடுத்த கேமராவுக்குப் பழைய லென்ஸ் பொருந்துமா? – வாசகர், காட்பாடி

பதில்: தாராளமாகப் பயன்படுத்தலாம், அதை விற்றுவிடாதீர்கள். பழைய நிக்கான் கேமராக்களில் லென்ஸ் பொருந்தும் வளையத்துக்கும் சென்சாருக்கும் இடையே 46.5 மி.மீ. தூரம் உண்டு, 2018-இல் வந்த இசட் வரிசையில் அது 16 மி.மீ. மட்டுமே என்பதால், மிச்ச இடைவெளியை, பழைய லென்சைப் புதிய கேமராவில் பொருத்த உதவும் நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டர் நிரப்பிவிடுகிறது. ஆனால் அந்த அடாப்டருக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை, உங்கள் லென்சிலும் இல்லை. எனவே ஆட்டோஃபோகஸ் இயங்காது, கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். தாலி கட்டும் நொடியில் இதை நம்பி நிற்பது சரியல்ல என்பதே என் உறுதியான கருத்து. வேலூர்க் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்களின் யாளிகளையும் குதிரை வீரர்களையும் நிதானமாக எடுப்பதற்கோ இது அருமையான லென்ஸ். ஃபோகஸ் பீக்கிங்கை இயக்கினால் கூர்மையான விளிம்புகள் திரையில் வண்ணக் கோடுகளாகத் தெரியும். லென்சின் அப்பர்ச்சர் (ஒளி புகும் துளை) வளையத்தை 22-இல் பூட்டிவிட்டு, அப்பர்ச்சரைக் கேமராவிலேயே மாற்றுங்கள். துளை முழுதாகத் திறந்திருக்கும் எஃப்/1.8-இல் படத்தின் ஓரங்கள் மென்மையாகவே வரும், துளை சிறிதாகும் எஃப்/5.6-இல் தெளிந்துவிடும். அடாப்டர் வாங்குமுன், லென்சை டார்ச் ஒளியில் பிடித்து, உள்ளே பூஞ்சை படர்ந்துள்ளதா என்று பார்த்துவிடுங்கள்.