மாடியில் தட்டு தேடும் கணவர்

கேள்வி: என் கணவருக்கு 41 வயது. போன வருடம் அவர் கம்பெனியில் வெள்ளிக்கிழமை மீட்டிங் போட்டு, "யாருக்கும் வேலை போகாது" என்றார்கள். திங்கட்கிழமை மெயில் வந்துவிட்டது. இப்போது குறைந்த சம்பளத்தில் வேறு வேலை. சில மாதங்களாகப் பறக்கும் தட்டு, வேற்றுகிரகவாசி என்று இரவு இரண்டு மணி வரை வீடியோ பார்க்கிறார். டெலஸ்கோப் வேறு வாங்கி மாடியில் வைத்திருக்கிறார். கட்டுக்கதை என்று சொன்னால் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து போகிறார். என் அண்ணன் "ஏலியன் மாப்பிள்ளை" என்று கிண்டல் செய்கிறார். படித்த மனிதருக்கு இதில் ஏன் இவ்வளவு கோபம்?
- ஒரு வாசகி, கோவை

பதில்: படிப்புக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, சகோதரி. அமெரிக்கக் கடற்படையின் அணு நீர்மூழ்கித் திட்டத்தில் வேலை பார்த்த ஜிம்மி கார்ட்டர், 1969-ல் வானத்தில் கண்ட விநோத வெளிச்சத்தைப் பற்றி 1973-ல் எழுதியே கொடுத்தார். பிறகு ஜனாதிபதியும் ஆனார். ஆனால் அது வேற்றுகிரகத்து வண்டி என்று அவர் சொல்லவில்லை. யாராவது மறுத்தால் சாப்பாட்டை விட்டு எழுந்ததாகவும் தெரியவில்லை!

அந்த மெயிலைப் பற்றிப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு விஷயமே அங்கேதான் இருப்பதாகப் படுகிறது.

ரோஸ்வெல் என்ற பெயர் உங்கள் வீட்டில் நிறையவே அடிபட்டிருக்கும். 1947 ஜூலை 8 அன்று, அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உள்ள அந்த ஊர்ப் பக்கம் பறக்கும் தட்டு கிடைத்திருக்கிறது என்று அந்நாட்டு ராணுவமே செய்தி கொடுத்தது. உடனேயே, இல்லை, அது வானிலை பலூன் என்று மாற்றிச் சொன்னது. அதுவும் முழு உண்மை இல்லை. சோவியத் அணுகுண்டுச் சோதனையின் ஓசையை ஒட்டுக்கேட்கப் பறக்கவிட்ட ரகசிய பலூன்களின் சிதறல்தான் அது என்று விமானப்படை 1994-ல்தான் சொன்னது. 47 வருடம்!

ஆக, மறைத்தார்கள் என்பது நிஜம். மறைத்தது தட்டை அல்ல என்பதும் நிஜம். ஏமாந்து நொந்தவர் காதில் முதல் பாதி மட்டும்தான் விழும். இதில் இன்னொன்றும் உண்டு. அந்தக் கதையை முப்பது வருடம் யாரும் சீண்டவே இல்லை. அன்று சிதறலைப் பொறுக்கப் போன அதிகாரி ஒருவர், அது இந்த உலகத்துப் பொருளே இல்லை என்று 1978-ல் பேசத் தொடங்கியதும் பற்றிக்கொண்டது. வியட்நாம் போரும், ஜனாதிபதியே பொய் சொல்லி மாட்டிக்கொண்ட வாட்டர்கேட் விவகாரமும் முடிந்து, அரசாங்கம் எது சொன்னாலும் சந்தேகப்படும் மனநிலைக்கு அமெரிக்கர்கள் வந்திருந்த நேரம் அது. இரண்டும் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

உங்கள் கணவரின் வாட்டர்கேட் அந்தத் திங்கட்கிழமை. ஆபீஸில் விஷயம் கடைசியாகத் தெரிந்தது அவருக்கு. இங்கே, ஊருக்கே தெரியாதது அவருக்கு மட்டும் தெரிகிறது. அந்த ருசி லேசில் விடாது. நீங்கள் "கட்டுக்கதை" என்றால், மறுபடியும் ஏமாந்துவிட்டாய் என்றுதான் அவருக்குக் கேட்கும். எழுந்து போகாமல் என்ன செய்வார்?

அதனால் ஆதாரம் காட்டி வாதாட வேண்டாம். நம்புவதுபோல நடிக்கவும் வேண்டாம், கண்டுபிடித்துவிடுவார். "ரோஸ்வெல்லில் மறைத்தது உண்மைதான்" என்று தாராளமாகச் சொல்லலாம், அதில் பொய் இல்லை. அப்புறம் ஒருநாள், அந்த மெயில் வந்த காலையைப் பற்றிக் கேளுங்கள். இதுவரை கேட்டிருக்கிறீர்களா? உங்கள் கடிதத்தில் அது இல்லை.

இரவு இரண்டு மணி சமாசாரத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். தூக்கம் கெட்டால் எல்லாமே கெடும். இப்போதைய வேலைக்குப் போவதையும் நிறுத்தினால், அல்லது யாருக்கோ பணம் அனுப்பத் தொடங்கினால், மனநல மருத்துவரைப் பாருங்கள். டெலஸ்கோப் இருந்துவிட்டுப் போகட்டும். சின்ன டெலஸ்கோப்பிலேயே வியாழனின் நான்கு பெரிய நிலவுகள் தெரியும், நீங்களும் ஒருநாள் மாடிக்குப் போய்ப் பாருங்கள்.

உங்கள் அண்ணனிடம் அந்தப் பட்டப்பெயரை இன்றோடு விடச் சொல்லுங்கள்.