ஹோட்டல் வேலைக்கு மகளை அனுப்பும் களக்காட்டு அண்ணாச்சிக்கு

வணக்கம் அண்ணாச்சி. நேற்று நீங்கள் பாளையங்கோட்டையிலிருந்து கிளம்பிப் போன பிறகுதான், சொல்லாமல் விட்டது நிறைய இருக்கிறதே என்று தோன்றியது. நீங்கள் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் இருந்தீர்கள். பாப்பா வாயே திறக்கவில்லை. அவள் பேச வேண்டியதையெல்லாம் நீங்களே பேசிவிட்டீர்கள். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

கையில் இரண்டு வாய்ப்பு இருக்கிறது. ஒன்று, சென்னையில் ஒரு நட்சத்திர ஹோட்டலில் ஃப்ரண்ட் ஆபீஸ், அதாவது வரவேற்பு மேசை வேலைக்கான இன்டர்வியூ. இன்னொன்று, ஜங்ஷன் பக்கம் இருக்கிற ஏஜென்ட் சொல்லும் துபாய் வேலை. துபாயில் சம்பளம் மூன்று மடங்கு என்பதால் உங்கள் மனசு அந்தப் பக்கம் சாய்கிறது. சரி, சாயட்டும். ஆனால் சம்பளத்துக்கு முன்னால், ஆள் எடுக்கிறவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பாருங்கள். ஹோட்டல் என்பதே வந்தவரை உபசரிக்கிற தொழில். வேலை கேட்டு வந்த பிள்ளைக்கு ஒரு நாற்காலியும் குடிக்கத் தண்ணீரும் கொடுக்கத் தோன்றாதவர்கள், சேர்ந்த பிறகு மட்டும் எங்கே கொடுக்கப் போகிறார்கள்?

நானும் மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்தாறு வருஷம் உட்கார்ந்தவன்தான். ஒரு ஹோட்டலுக்கு ஆள் எடுத்தபோது அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்தான். புதுச் சட்டை, கடையில் மடித்த மடிப்புகூடக் கலையவில்லை. கரண்டியால் எடுத்துப் பரிமாறும்போது விருந்தாளிக்கு எந்தப் பக்கம் நிற்பாய் என்று கேட்டேன். "இடது பக்கம் சார்" என்றான், யோசிக்காமல். என் பக்கத்தில் இருந்த மேனேஜர் "எந்த ஊரு?" என்றார். சொன்னான். "ஊரு சரி, ஊருக்குள்ள எந்தத் தெரு?" என்றார். பையன் முகம் சுருங்கிவிட்டது. நம்ம சீமையில் தெருவை எதற்குக் கேட்பார்கள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அவனை எடுக்கவில்லை. படிவத்தில் 'உயரம் பத்தாது' என்று எழுதியது நான்தான். என்னைவிட இரண்டு அங்குலம் உயரம் அவன்.

அதனால்தான் சொல்கிறேன். ஷிப்ட் முறை ஒத்துவருமா, எத்தனை மொழி தெரியும், கோபமாக வருகிற விருந்தாளியை எப்படிச் சமாளிப்பாய் என்றெல்லாம் கேட்டால் அது வேலைக்கான கேள்வி. தெரு, குலதெய்வம், கல்யாணம் எப்போது என்பதெல்லாம் வேலைக்குச் சம்பந்தமில்லாத கேள்விகள். பாப்பா சண்டை போட வேண்டியதில்லை. "வேலை நேரத்துக்கு எனக்கு எந்தத் தடையும் இல்லை சார்" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். அதற்கப்புறமும் தோண்டினால் அது எப்படிப்பட்ட இடம் என்று தெரிந்துவிடும். ஃப்ரண்ட் ஆபீஸ் என்றால் கலராக இருக்க வேண்டும் என்று உங்கள் வீட்டில் யாரோ சொன்னதாகச் சொன்னீர்கள். நகம் வெட்டியிருக்கணும், முடியை இழுத்துக் கட்டியிருக்கணும், ஷூ சுத்தமாக இருக்கணும். ஹோட்டல்காரர் கேட்கக்கூடியது அவ்வளவுதான். கிரீம் வாங்கிக் கொடுத்துப் பிள்ளையைப் பாடாய்ப் படுத்தாதீர்கள்.

நைட் ஷிப்ட்தான் உங்களுக்குப் பெரிய பயம். நியாயமான பயம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற எந்த இடத்திலும் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்க ஓர் உள் குழு இருக்க வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். அதற்குத் தலைவர் ஒரு பெண்ணாக இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். கடைசியில் "ஏதாவது கேட்கணுமா?" என்பார்கள் இல்லையா, அப்போது இந்தக் குழுவைப் பற்றியும், ராத்திரி ஷிப்ட் முடிந்தால் வண்டி உண்டா என்றும் பாப்பாவே கேட்கட்டும். நல்ல ஹெச்ஆர் உடனே பதில் சொல்வார். "இதெல்லாம் ஏம்மா இப்பவே?" என்று முகம் சுளித்தால் அதுவும் ஒரு பதில்தான். அப்புறம், லாட்ஜ் ரூமில் தனியாக இன்டர்வியூ என்று யார் சொன்னாலும் உள்ளே போகக் கூடாது.

இப்போது துபாய். ஏஜென்ட் ஒன்றரை லட்சம் கேட்கிறார், பாஸ்போர்ட்டை முதலில் கொடுங்கள் என்கிறார். நம் நாட்டு விதிப்படி, பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக அதிகபட்சம் 30,000 ரூபாய்தான் வாங்கலாம். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 35,400. அதற்கும் ரசீது தர வேண்டும். துபாய் இருக்கிற ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமோ, ஆள் எடுக்கிற செலவைத் தொழிலாளியிடம் வாங்கவே கூடாது, முதலாளிதான் ஏற்க வேண்டும் என்கிறது. அப்படியிருக்க மீதி ஒரு லட்சத்துச் சொச்சம் எதற்கு? பாஸ்போர்ட் 1967-ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்திய அரசின் சொத்து. உங்கள் மகளுக்கே அது சொந்தமில்லை என்னும்போது ஏஜென்ட் வாங்கிப் பூட்டி வைக்க என்ன உரிமை? இப்போதைக்கு நகல் போதும் என்று சொல்லுங்கள்.

மத்திய அரசின் இமைக்ரேட் இணையதளத்தில் அந்த ஏஜென்ட் பெயரைப் போட்டுப் பாருங்கள். உரிமம் இருக்கிறதா, காலாவதி ஆகிவிட்டதா என்று தெரிந்துவிடும். "முதலில் விசிட் விசாவில் போகட்டும், அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். விசிட் விசாவில் வேலை பார்ப்பது அங்கே குற்றம். வெளிநாடுதான் வேண்டும் என்றால் தமிழக அரசே 1978-லிருந்து சென்னையில் நடத்துகிற அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. அங்கே பதிந்து வையுங்கள்.

இவ்வளவும் எதிராளியின் மரியாதை. நம் பக்கத்திலும் கொஞ்சம் இருக்கிறது. குற்றாலம் சீசனில் ஒரு ரிசார்ட்டில் பாப்பா இரண்டு மாதம் ட்ரெய்னிங் பார்த்திருக்கிறாள். அதை ஒரு வருஷ அனுபவம் என்று எழுதித் தர ஆள் இருக்கிறது என்றீர்கள். வேண்டாம். ஹோட்டல் உலகம் ரொம்பச் சின்னது. ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும். இரண்டு மாதத்தை இரண்டு மாதம் என்றே எழுதட்டும். புதிய ஆளை எடுப்பதற்கென்றே அந்த வேலைகள் இருக்கின்றன. அதேபோல, சேருகிறேன் என்று சொல்லிவிட்டு வேறு இடம் கிடைத்ததும் போனை அணைத்துவிடுகிற பழக்கம் நம் பிள்ளைகளிடம் இருக்கிறது. வரவில்லை என்றால் ஒரு போன் போட்டு, மன்னிப்புக் கேட்டு, சொல்லிவிட வேண்டும். அந்த இடத்துக்காக வேறு யாரோ காத்துக்கொண்டிருப்பார்கள்.

நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டாயிற்று என்றீர்கள். கூடப் போங்கள், லாபி வரைக்கும். இன்டர்வியூ அறைக்குள் பாப்பா மட்டும் போகட்டும். என் முன்னால் பேசாத பிள்ளை அங்கே பேசுவாள், நீங்கள் பக்கத்தில் இல்லாவிட்டால். அப்புறம், ஹெச்ஆர் சாருக்கு ஒரு கிலோ அல்வா வாங்கிட்டுப் போகட்டுமா என்று வாசலில் நின்று கேட்டீர்களே, நானும் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். வேண்டாம் அண்ணாச்சி. நேர்மையான ஆள் என்றால் வாங்க மாட்டார். வாங்குகிற ஆள் என்றால் அல்வாவோடு நிறுத்த மாட்டார். வாங்கியே தீர வேண்டும் என்றால், அன்றைக்குக் காலையில் நீங்கள் போய் இறங்கிக் குளிக்கப் போகிற மச்சினர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள்.