ஆச்சேயில் 2005 அமைதி ஒப்பந்தம் நிலைத்தது சுனாமியால்தானா?

இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்தில் அரசுக்கும் ஆச்சே விடுதலை இயக்கத்துக்கும் இடையே 2002 டிசம்பரில் கையெழுத்தான போர்நிறுத்தம் 2003 மே மாதமே முறிந்தது. அப்படியிருக்க, 2005 ஒப்பந்தம் நிலைத்ததற்குச் சுனாமிதான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சுனாமி அவசரத்தைக் கூட்டியது உண்மை. ஆனால் அது மட்டுமே போதுமென்றால், அதே அலை தாக்கிய இலங்கையிலும் போர் ஓய்ந்திருக்க வேண்டுமே! 1976 முதல் தனிநாடு கேட்ட ஆச்சே விடுதலை இயக்கம், பின்லாந்தின் முன்னாள் அதிபர் மார்ட்டி அஹ்திசாரி நடத்திய பேச்சுவார்த்தையில் அக்கோரிக்கையைக் கைவிட்டுத் தன்னாட்சிக்கு இறங்கிவந்ததும், அதற்கு ஈடாக மாகாணக் கட்சிகள் தொடங்கும் உரிமையையும் எண்ணெய், எரிவாயு முதலான இயற்கை வள வருவாயில் 70 விழுக்காட்டையும் ஜகார்த்தாவிலுள்ள மைய அரசு விட்டுக்கொடுத்ததும்தான் என் பார்வையில் உண்மையான திருப்பம்.

ஒப்பந்தப்படி இயக்கத்தினர் 840 ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டியிருந்தது; மாகாணத் தலைநகர் பண்டா ஆச்சேயின் மைதானத்தில் மக்கள் பார்த்திருக்க, துப்பாக்கிகள் இயந்திர ரம்பத்தால் துண்டாக்கப்பட்டன. சுனாமியில் இடிந்த சிறையிலிருந்து தப்பிய கிளர்ச்சியாளர் இர்வாண்டி யூசுப், 2006 தேர்தலில் வென்று ஆளுநரானார். (பின்னாளில் ஊழல் வழக்கில் தண்டனை பெற்றது வேறு கதை.)

முன்னாள் போராளிகளின் மறுவாழ்வுப் பணி இந்த அளவுக்குச் சீராக நடக்கவில்லை. ஒப்பந்தத்தில் போராளிகள் 3,000 பேர் என்றே குறிக்கப்பட்டிருந்தது. உண்மையில் அதைவிடப் பலர் இருந்ததால், உதவித்தொகை தளபதிகள் வழியாகப் பங்கிடப்பட்டு, பலர் கைக்குச் சொற்பமே போய்ச் சேர்ந்தது. காணாமல்போனோரின் குடும்பங்கள் எதிர்பார்த்த, போர்க்கால மீறல்களை விசாரிக்கும் ‘உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைய’த்துக்கு உறுப்பினர்கள் நியமிக்கப்பட்டதே 2016இல்தான்.