ஒற்றைக் கேமராவுடன் புறப்பட விரும்பும் மகளின் தந்தைக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் மகள் செய்திப் புகைப்படத் துறைக்குச் செல்ல விரும்புவதையும், பிரெஞ்சுப் போர்ப் புகைப்படக்காரர் கேத்தரின் லெராயை அவர் முன்மாதிரியாகச் சொல்வதையும், அன்றிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை என்பதையும் எழுதியிருந்தீர்கள். லெராயின் வாழ்க்கையைத் தாங்களும் முழுமையாக அறிந்துகொண்டபின் மகளிடம் பேசுவது நல்லது.

1966-இல் லெராய் ஒரு லைக்கா கேமராவோடும் சொற்பப் பணத்தோடும், போர் நடந்துகொண்டிருந்த வியட்நாமின் சைகோனுக்குப் போனபோது, அவர் எடுத்த படம் ஒன்றுகூட அதுவரை அச்சேறியிருக்கவில்லை. மகளைக் கவர்ந்தது இந்தப் பகுதியாகத்தான் இருக்கும். ஆனால், மறு ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவின் 173-ஆவது வான்வழிப் படைப்பிரிவோடு அவரால் பாராசூட்டில் குதித்துப் படமெடுக்க முடிந்ததற்குக் காரணம், பிரான்சில் இளம்பெண்ணாக இருந்தபோதே முறையாகப் பயின்று பாராசூட் உரிமம் பெற்றிருந்ததுதான். அதே ஆண்டு வசந்தத்தில், வியட்நாமில் 881 என்று எண்ணால் குறிக்கப்பட்ட குன்றில், குண்டடிபட்ட வீரனின் மார்பில் காதை வைத்து இதயத் துடிப்பைத் தேடிய மருத்துவ உதவியாளர், உயிர் பிரிந்ததை உணர்ந்து தலை நிமிர்த்தும் கணம்வரை லெராய் அடுத்தடுத்து எடுத்த படங்கள் உலகெங்கும் பேசப்பட்டன. வெறும் துணிச்சலால் அமைவதல்ல அந்த வரிசை. அடுத்து என்ன நிகழும் என்று கணித்துக் காத்திருக்கும் பயிற்சி அதற்கு வேண்டும்.

விலையும் உண்டு. 1967 மே மாதத்தில் மோர்ட்டார் குண்டுச் சிதறல்கள் பாய்ந்து அவர் படுகாயமடைந்தார். அசோசியேட்டட் பிரஸ் என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனம் தொடக்கத்தில் அவருக்குக் கொடுத்தது படத்துக்கு 15 டாலர்தான். லெபனான் உள்நாட்டுப் போரில் எடுத்த பெய்ரூட் படங்களுக்காக, துணிச்சலான செய்திப் படங்களுக்கு வழங்கப்படும் ராபர்ட் காப்பா தங்கப் பதக்கத்தை 1976-ஆம் ஆண்டுக்குப் பெற்ற முதல் பெண்ணான அவரே, பிற்காலத்தில் பழைய பாணி ஆடைகளை இணையத்தில் விற்றார். வருமானத்தைப் பற்றிய தங்கள் கவலை (மகளுக்கு இது பிடிக்காது) நியாயமானதே. உயிராபத்தும் பழங்கதையல்ல: பிரெஞ்சுப் புகைப்படச் செய்தியாளர் கமீல் லெபாஜ் 2014-இல் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் கொல்லப்பட்டபோது அவருக்கு வயது 26.

எனினும், செய்திப் புகைப்படக்காரர்களில் பெரும்பாலோர் போர்முனைக்குப் போவதில்லை. தேர்தல், விளையாட்டு, வெள்ளம், நீதிமன்றம் என்றே அவர்களுடைய பணி அமைகிறது. ஆகவே, தடுக்க வேண்டாம். இதழியல் படிப்பில் சேர்த்துவிடுங்கள். கூடவே முதலுதவிப் பயிற்சியும், யார், எங்கே, எப்போது என்று பிழையின்றிப் படக்குறிப்பு எழுதும் பழக்கமும் வேண்டும். இந்த விடுமுறையில் உங்கள் ஊரில் நடக்கும் ஏதேனும் ஒரு வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை பத்துப் படங்களில் எடுத்து, குறிப்புகளோடு எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். அவற்றைப் பார்த்தபின் எந்தக் கல்லூரி என்பதைப் பேசலாம்.