வாங்கும் முன்: மாற்றுத்திறனாளிகளுக்கான கருவிகள் பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது. இன்னும் பேச்சு வரவில்லை. படத்தைத் தொட்டால் பேசும் செயலியும் ஒரு டேப்லெட்டும் வாங்கச் சொல்கிறார் பேச்சுப் பயிற்சியாளர். இதற்குப் பழகிவிட்டால் வாயைத் திறந்து பேசவே மாட்டான் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது?

அந்தப் பயம் வேண்டாம். 2006-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பில், நம்பத்தக்க தரவு கிடைத்த 27 பேரில் ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை. பெரும்பாலோருக்குக் கூடியே இருந்தது. சொல்ல வழியில்லாமல் குழந்தை காத்திருக்கும் காலம்தான் நஷ்டம்.

முதலில் செயலியை முடிவு செய்யுங்கள், டேப்லெட் பிறகு. சில செயலிகள் ஐபேடில் மட்டுமே ஓடும், சில ஆண்ட்ராய்டில் மட்டும். சோதனைப் பதிப்பை இறக்கி, ஒரு பொத்தானில் தமிழில் எழுதித் தொட்டுப் பாருங்கள். பிறகு ஃபிளைட் மோடில் போட்டு மறுபடி தொடுங்கள். இணையம் இல்லாதபோது ஊமையாகிவிடும் செயலி வேண்டாம். குரல் தெளிவாக இல்லையென்றால் உங்கள் குரலையே பதிவு செய்ய இடம் இருக்க வேண்டும். நீங்கள் சேர்த்த சொற்களையெல்லாம் ஒரு கோப்பாக வெளியே எடுத்து வைக்க முடிகிறதா என்பதையும் பாருங்கள். இல்லாவிட்டால் டேப்லெட் உடையும் அன்று பல மாத உழைப்பும் போய்விடும்.

அதிகம் பேர் தடுக்கி விழுவது கட்டங்களின் எண்ணிக்கையில். எட்டுப் பெரிய படங்கள் இன்றைக்கு எளிதாகத் தோன்றும். சொற்கள் கூடும்போது கட்டத்தை மாற்றினால் எல்லாப் பொத்தானும் இடம் மாறும். விரல் பழகிய இடத்தைக் குழந்தை மறுபடி முதலிலிருந்து கற்க வேண்டும். விரலால் தொடக்கூடிய அளவுக்குள் நிறையக் கட்டங்களை வைத்து, இப்போது வேண்டாதவற்றை மறைத்து வையுங்கள். பொருட்களின் படங்களை மட்டும் அடுக்கினால் அவனால் கேட்டு வாங்க மட்டுமே முடியும். ‘வேணும்’, ‘வேணாம்’, ‘போதும்’, ‘இன்னும்’, ‘வா’, ‘வலிக்குது’, ‘என்ன’ போன்றவை முதல் பக்கத்திலேயே இருக்கட்டும்.

விரல் வழுக்கிப் பக்கத்துப் பொத்தானைத் தொட்டால், ஓட்டைகள் வெட்டிய பிளாஸ்டிக் தகடு ஒன்றைத் திரைமேல் பொருத்தலாம். அது குறிப்பிட்ட செயலி, கட்டம், டேப்லெட் மாடலுக்கென்றே வெட்டப்படுவது. அதனால் மூன்றும் உறுதியான பிறகு மட்டும் வாங்குங்கள். வேறு செயலிக்குத் தாவாமல் இருக்க ஐபேடில் ‘கைடட் ஆக்சஸ்’, ஆண்ட்ராய்டில் ‘ஆப் பின்னிங்’ உண்டு, இரண்டும் இலவசம். முதல் பக்கத்தை அச்சிட்டு லேமினேட் செய்து பையில் வைத்திருங்கள். சார்ஜ் தீர்ந்தாலும் அவன் பேசலாம்.

கேள்வி: அப்பாவுக்குப் பார்வை வேகமாகக் குறைகிறது. கணினியில் எழுதுவதும் படிப்பதும்தான் அவர் வேலை. காசு கொடுத்துத் திரைவாசிப்பான் வாங்க வேண்டுமா?

முதலில் வேண்டாம். திரையில் உள்ளதைக் குரலில் படித்துக் காட்டும் மென்பொருள்தான் திரைவாசிப்பான். விண்டோஸில் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் 2006 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. அதனோடு வரும் ஈஸ்பீக் என்ற குரல் தமிழும் வாசிக்கும். குரல் இயந்திரத்தனமாக இருக்கும், ஆனால் வேகத்தைக் கூட்டினாலும் சொல் சிதையாது. அலுவலகத்தின் பிரத்யேக மென்பொருள் என்விடிஏ-வுடன் ஒத்துழைக்காவிட்டால் மட்டும் கட்டண மென்பொருளை யோசியுங்கள். அப்போதும் அந்த மென்பொருளையே திறந்து செய்து காட்டச் சொல்லுங்கள்.

காசை விசைப்பலகையில் போடுங்கள். திரைவாசிப்பான் கட்டளைகள் பலவும் இன்சர்ட் விசையையும் எண் பகுதியையும் நம்பியவை. சிறு மடிக்கணினியில் இவை இருக்காது, அல்லது எஃப்என் விசைக்குள் ஒளிந்திருக்கும். அதைத்தான் வைத்திருக்கிறீர்கள் என்றால் என்விடிஏ அமைப்பில் இன்சர்ட்டுக்குப் பதில் கேப்ஸ் லாக்கைக் கட்டளை விசையாக்குங்கள்.

அப்பாவின் பழைய தமிழ்க் கோப்புகளில்தான் உண்மையான சிக்கல் வரும். பாமினி போன்ற எழுத்துருவில் தட்டியவை கண்ணுக்குத்தான் தமிழ். கணினிக்கு ஆங்கில எழுத்துகள். ஒரு பத்தியை நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். ஆங்கில எழுத்துகளும் குறிகளும் தெரிந்தால், எழுத்துரு மாற்றியில் கொடுத்து, கணினி தமிழாகவே அறியும் யூனிகோடாக்க வேண்டும். ஸ்கேன் செய்த பிடிஎஃப் வெறும் படம். படத்தில் உள்ள எழுத்தை அடையாளம் காணும் எழுத்துணரி வழியாகப் போனால்தான் வாசிக்கும். பார்வை இன்னும் மிச்சம் இருக்கும்போதே விசைகளைப் பழகத் தொடங்கட்டும்.

கேள்வி: பெருமூளை வாதம் உள்ள தங்கைக்கு ஒற்றைப் பொத்தானால் டேப்லெட்டை இயக்கும் சுவிட்ச் வாங்க நினைக்கிறோம். பொருந்துமா என்று எப்படித் தெரியும்?

வாங்காமலே தெரிந்துகொள்ளலாம். ஐபேடின் ‘சுவிட்ச் கன்ட்ரோல்’ அமைப்பில் முழுத் திரையையே ஒரு சுவிட்சாக வைக்கலாம். முன் கேமராவைப் பார்த்துத் தலையைத் திருப்புவதையும் சுவிட்சாக்கலாம். ஆண்ட்ராய்டில் முக அசைவு சுவிட்ச் இருக்கிறது. இயக்கும் முன், இதை ஒரே பொத்தானில் இயக்கவும் அணைக்கவும் உதவும் அணுகல்தன்மைக் குறுக்குவழியைப் போட்டுவையுங்கள். இல்லாவிட்டால் இயக்கிய பிறகு வெளியே வருவதே பெரும்பாடு.

எந்த அசைவு வலியில்லாமல், களைத்த பிறகும் வருகிறதோ அதுதான் சுவிட்சுக்கு உரியது. கைதான் என்றில்லை, தலையின் பக்கவாட்டோ முழங்காலோ பலருக்கு நன்றாக வரும். கம்பியுள்ள சுவிட்சுகளில் பெரும்பாலானவை 3.5 மிமீ மோனோ பின் கொண்டவை. டேப்லெட்டில் நேரே செருகினால் வேலை செய்யாது. நடுவே இரண்டையும் இணைக்கும் ஓர் இன்டர்ஃபேஸ் பெட்டி வேண்டும், அதற்கும் பணம் ஒதுக்குங்கள். சுவிட்சை அசையாமல் நிறுத்தும் பிடிப்பானுக்கும் ஒதுக்குங்கள். நகரும் சுவிட்ச் பயனற்றது. ஏமாற்றங்களில் பாதிக்கு மேல் இங்கேதான் என்பது எங்கள் கணிப்பு. சக்கரநாற்காலிக் குழாயின் விட்டத்தை அளந்து, அதற்கேற்ற கவ்வியாகக் கேளுங்கள்.

கை நடுங்கி ஒரே அழுத்தம் இரண்டாகப் பதிந்தால் சுவிட்சைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். அமைப்பில் ‘மீள் அழுத்தத்தைப் புறக்கணி’ என்பதை இயக்கி, நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

கேள்வி: டிஸ்லெக்சியா (வாசிப்பதில் சிரமம்) உள்ள மகளுக்கு, அச்செழுத்தின் மேல் நகர்த்தினால் உரக்கப் படிக்கும் பேனா வாங்கலாமா?

அவளுடைய தமிழ்ப் பாடநூலையே கையில் கொண்டுபோய்ச் சோதித்தால் வாங்கலாம். விளம்பரத்தில் நாற்பது மொழி இருந்தாலும் தமிழ் இல்லாமல் போகலாம். கூகுள் லென்ஸ் தமிழ் அச்சைப் படித்துக் காட்டும். முதலில் அதை முயலுங்கள். பேனாவின் நன்மை தேர்வறையில்தான்: போன் அனுமதிக்காத இடத்தில் சில பேனாக்களை அனுமதிப்பார்கள். எந்த மாடல் என்று தேர்வு நடத்துபவர்களிடம் எழுத்தில் கேட்டுவாங்கிய பிறகு காசைக் கொடுங்கள். பக்கத்தின் மேல் வைத்து வாசிக்கும் நிறக் கண்ணாடித் தாள்களுக்குச் செலவழிக்க வேண்டாம். அவற்றால் வாசிப்பு மேம்படும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

கேள்வி: காதுக்கருவி பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. போலியா?

அவசியம் இல்லை. இவை காற்றில் உள்ள ஆக்சிஜனால் இயங்கும் துத்தநாக பேட்டரிகள். ஒட்டுத்தாளை உரித்ததுமே இயங்கத் தொடங்கிவிடும். மறுபடி ஒட்டினாலும் முழுதாக நிற்காது. உரித்து ஐந்து நிமிடம் காற்றில் வைத்துவிட்டுப் போடுங்கள். மொத்தமாக வாங்கினால் காலாவதித் தேதியைப் பாருங்கள். அளவை நிறத்தால் அறியலாம்: 10 மஞ்சள், 312 பழுப்பு, 13 ஆரஞ்சு, 675 நீலம். இரவில் கருவியைக் கழற்றியதும் பேட்டரிக் கதவைத் திறந்து வையுங்கள். ஈரம் உலரும், கருவியும் அணைந்திருக்கும்.